பழைய வீட்டின் சுவிட்சு

சென்னை மாநகரின் மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்கள் அமைந்துள்ளன. ஒருகாலத்தில் ஏரியும் வயலும் தோப்புமாய் விளங்கிய இப்பகுதி, நாடு விடுதலை பெற்றபின் தொழிற்பகுதியாக மாறிற்று. அம்பத்தூரில் 1950-களில் மிதிவண்டித் தொழிற்சாலை இயங்கியது. 1964இல் தொழிற்பேட்டை அமைந்தது. ஆவடியில் 1960-களில் கனரக ஊர்தித் தொழிற்சாலை எழுந்தது. வேலை நாடி வந்த மக்கள் அக்காலத்தில் கட்டிக்கொண்ட சிறு வீடுகள் சில இன்றும் இவ்வூர்த் தெருக்களில் காணப்படுகின்றன. சுண்ணாம்புச் சுவர், சிவப்புத் தரை, கம்பியிட்ட திண்ணை ஆகியவற்றோடு அவ்வீடுகளுக்கு மற்றோர் அடையாளமும் உண்டு. சுவரின் மேற்பகுதியில் விரலகலத் தேக்குச் சட்டமொன்று நீண்டு செல்லும். அதன்மேல் கரிய மின்கம்பி படுத்திருக்கும். அரைச்சாணுக்கு ஒன்றாகத் தகரக் கிளிப்புகள் அதனைப் பற்றியிருக்கும். சட்டம் இறங்கி வந்து முடியுமிடத்தில் ஒரு மரப்பலகையும், அதன்மேல் வட்டமான கரிய சுவிட்சுகளும் இருக்கும்.

இச்சுவிட்சுகளுள் ஒன்று பழுதுபட்டால், வேறொன்று வாங்கி மாற்றிவிடலாம் என்று வீட்டார் எளிதாகக் கூறுவர். அதன் விலை சிறிது. மாற்றுதற்கு வேண்டிய கருவியும் திருப்புளி ஒன்றே. புதிய வீட்டிற்கு இக்கூற்று ஒருவாறு பொருந்தும். பழைய வீட்டிலோ, கண்ணுக்குத் தெரியும் சுவிட்சைவிட அதன் பின்னே மறைந்துள்ள கம்பியே பெரிதும் கருதத்தக்கது.

சுவிட்சு யாது செய்கிறது? மின்சாரம் செல்லும் வழியை இணைப்பதும் பிரிப்பதும் அதன் தொழில். பிரிக்கும் கணத்தில் ஓர் இடையூறு உண்டு. இரு உலோகத் துண்டுகள் மெல்ல விலகுங்கால், மின்சாரம் இடையிலுள்ள காற்றைத் தாவிச் சுடராய் எரியும். அச்சுடர் உலோகத்தை அரித்து, நாளடைவில் சுவிட்சையே கருக்கிவிடும். இங்கிலாந்தில் நியூகாசில் நகரினரான ஜான் ஹென்றி ஹோம்ஸ் என்பார் 1884இல் இதற்கு ஒரு வழி கண்டார். விரல் எவ்வளவு மெல்லத் தள்ளினும், உள்ளிருக்கும் சுருள்வில் அத்துண்டுகளைச் சட்டென்று விலக்குமாறு அவர் அமைத்தார். சுவிட்சைத் தட்டும்போது எழும் 'டக்' என்னும் ஒலி அவ்வில்லின் செயலால் எழுவதே. ஆண்டுகள் பல கழிந்தபின் வில் தளர்கிறது, ஒலி மங்குகிறது, விளக்கு சிமிட்டுகிறது, செவியை அருகே கொண்டுசென்றால் எண்ணெயில் கடுகு பொரிவது போன்ற ஓசை கேட்கிறது. உலோக முனைகள் செவ்வனே பொருந்தாதவிடத்தில் மின்தடை மிகும்; தடை மிகுந்தவிடத்தில் வெப்பம் பிறக்கும். சுவிட்சின் மூடி கைக்குச் சூடாகத் தோன்றுமாயின், அதனை மாற்றவேண்டிய காலம் முன்னரே கடந்துவிட்டது எனலாம்.

இனி அதன் பின்னுள்ள கம்பியைக் காண்போம். இக்காலத்து மின்கம்பிகளுக்குப் பெரும்பாலும் பி.வி.சி. என்னும் நெகிழி உறை இடுவர். அக்காலத்துக் கம்பிகள் பலவற்றிற்கு இட்டது ரப்பர் உறை. புதிதாயிருந்தபோது அது வளைத்தவாறெல்லாம் வளைந்தது. சென்னைக் கோடையை ஐம்பது, அறுபது முறை கண்டபின் அந்த ரப்பர், காய்ந்த புளியம்பழ ஓடுபோல் ஆகிவிடுகிறது. அசையாதிருக்கும்வரை அது கம்பியைச் சுற்றி நிற்கும். எவரேனும் பிடித்து வளைத்தால் பொடிந்து உதிரும். பல்லாண்டு தீங்கின்றி இருந்த கம்பி, பழுதுபார்க்கத் தொட்ட நாளிலேயே தீங்கிற்கு இடமாகிவிடுவது வியப்பன்றோ! சுவிட்சை மாற்றுவோர் பலகையை முன்னே இழுப்பர், கம்பியை நிமிர்த்துவர், வேலை முடிந்ததும் மடக்கி உள்ளே திணிப்பர். உறை இழந்த கம்பிகள் பலகைக்குப் பின்னால் ஒன்றையொன்று நெருங்கி நிற்கும். விளக்கு எரியும், வீட்டாரும் மகிழ்வர். மழையில் சுவர் ஊறும்போதுதான் செய்த பிழை வெளிப்படும். 2015ஆம் ஆண்டிலும் 2023ஆம் ஆண்டிலும் டிசம்பர் மழையின்போது அம்பத்தூர், கொரட்டூர்ப் பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. அத்தகைய காலத்தில் நனைந்த சுண்ணாம்புச் சுவர் தானும் மின்சாரத்தைக் கடத்தும்.

இதனினும் மறைவான தீங்கு ஒன்று உளது. வீட்டிற்கு மின்சாரத்தைக் கொணரும் கம்பிகளுள் ஒன்றினைப் 'பேஸ்' என்றும், மற்றொன்றினை 'நியூட்ரல்' என்றும் கூறுவர். பேஸ் கம்பிக்கும் நிலத்திற்கும் இடையே 230 வோல்ட் அழுத்தம் உண்டு. நியூட்ரல் கம்பியோ மின்மாற்றியின் அருகே நிலத்தோடு இணைக்கப்பட்டிருத்தலின், அதன் அழுத்தம் இயல்பாக மிகச் சிறிதாகும். சுவிட்சு பேஸ் கம்பியிலேயே இருத்தல் வேண்டும். அப்போதுதான் சுவிட்சை நிறுத்தியவுடன் விளக்கின் பிடிக்கு அழுத்தம் செல்லாது. பழைய வீடு ஒன்றில், எப்போதோ யாரோ செய்த மாற்றத்தால் இவ்விரு கம்பிகளும் இடம் மாறியிருத்தல் கூடும். அவ்வீட்டில் சுவிட்சு நியூட்ரலைப் பிரிக்கும். விளக்கு அணையும், ஆயினும் விளக்கின் பிடியில் 230 வோல்ட் அழுத்தம் அப்படியே நிற்கும். பல்பை மாற்றுவதற்காக நாற்காலிமேல் ஏறி நிற்பவர், விளக்கு அணைந்திருத்தலைக் கண்டு அஞ்சாது கைவைப்பார். 40 வாட் பல்பில் ஓடும் மின்சாரம் ஏறத்தாழ 170 மில்லி ஆம்பியர். 30 மில்லி ஆம்பியர் அளவே மனித உடலில் ஊடுருவி நீடித்தால் உயிர்க்கு இடையூறு நேரும். விளக்கு எரியவில்லை என்பதும் மின்சாரம் இல்லை என்பதும் ஒன்றல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டா.

பழைய வீடுகள் சிலவற்றில் பேஸ் கம்பிக்கு ஒரு பியூசும் நியூட்ரல் கம்பிக்கு ஒரு பியூசுமாக இரண்டு வைத்திருப்பர். நியூட்ரலில் உள்ளது உருகினால் வீடு முழுதும் இருளும். கம்பிகளிலோ அழுத்தம் குன்றாது நிற்கும். நிலத்தோடிணைந்த நியூட்ரல் கம்பியில் தனித்த பியூசோ சுவிட்சோ வைத்தலாகாது என்று 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் விலக்கின. விதி மாறியவுடன் சுவரிலுள்ள கம்பியும் தானே மாறிவிடுமோ?

மின்வேலைகளை உரிமம் பெற்றோரே செய்தல் வேண்டும் என்பதும் அவ்விதிகளுள் ஒன்று. எனினும், அமைப்பின் திறனும் தன்மையும் மாறாதவாறு விளக்கு, விசிறி, பியூஸ், சுவிட்சு முதலியவற்றை மாற்றிக்கொள்ளுதற்கு அவை விலக்கு அளித்தன. 2010இல் வந்த ஒழுங்குமுறைகளிலும் இவ்விலக்கு இடம்பெற்றது. பழைய வீட்டார் சிலர் இதனைக் கேட்டு, திருப்புளியைத் தாமே எடுத்துவிடுகின்றனர். சட்டம் சுவிட்சை மாற்றுதற்கு இசைந்தது. உதிரும் ரப்பரைப்பற்றி அஃது ஒன்றும் உறுதி கூறவில்லை. பள்ளி மாணவர் எவரும் இவ்வேலையில் கைவைத்தல் கூடாது. தேர்ந்த மின்பணியாளர் செய்வதைத் தள்ளி நின்று காணலாம்.

அவர் முதலில் சுவிட்சின் அருகே செல்வதில்லை. வாயிற்புறத்து மெயின் சுவிட்சை நிறுத்துவார். பீங்கான் பியூஸின் பிடியைக் கழற்றித் தம் சட்டைப்பையில் இட்டுக்கொள்வார். வீட்டிலுள்ளோர் அறியாமல் அதனை மீண்டும் செருகிவிடாதிருத்தற்கு இதனினும் சிறந்த வழி இல்லை. பின்னர் டெஸ்டரை எடுப்பார். அதனை முதலில் மின்சாரம் இருப்பது உறுதியான ஓரிடத்தில் வைத்து, அஃது ஒளிர்வதைக் காண்பார். அடுத்துச் சுவிட்சின் கம்பிகளில் வைத்து, ஒளிராமையைக் காண்பார். மூன்றாவதாக முன்னைய இடத்திலேயே மீண்டும் வைத்து, டெஸ்டர் கெட்டுவிடவில்லை என்பதைத் தெளிவார். காண்போர்க்கு இது வீண்வேலை போலத் தோன்றும். பழுதுபட்ட டெஸ்டரும் ஒளிராது என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

மூடியைத் திருகிக் கழற்றியபின், எக்கம்பி எத்திருகில் இருந்தது என்று அவர் குறித்துக்கொள்வார். பழைய வீட்டில் கம்பியின் நிறத்தை மட்டும் நம்புதல் ஆகாது. தூசும் புகையும் படிந்து சிவப்பும் கறுப்பும் ஒன்றாகியிருக்கும். ஒரே திருகில் இரண்டு கம்பிகள் சேர்ந்திருப்பதும் உண்டு. ஒன்று மின்சாரத்தைக் கொணர்வது. மற்றொன்று அங்கிருந்து அடுத்த சுவிட்சுக்கு அதனைக் கொண்டுசெல்வது. மீண்டும் பூட்டும்போது அவற்றுள் ஒன்றை விட்டுவிட்டால், சமையலறைச் சுவிட்சை மாற்றியதனால் கூடத்து விளக்கு எரியாதொழியும். கம்பியின் நுனியில் உறை பொடிந்திருந்தால், நல்ல உறை தோன்றும்வரை வெட்டிப் பார்ப்பார். நல்ல உறையே தோன்றாவிடின், அக்கம்பியில் புதுச் சுவிட்சைப் பூட்ட அவர் இசையமாட்டார். 'மெக்கர்' என்னும் கருவியால் 500 வோல்ட் அழுத்தம் தந்து உறையின் தடையை அளப்பார். அத்தடை ஒரு மெகோமிற்கும் குறைந்தால் அந்தக் கம்பி நம்பத்தக்கதன்று.

பழைய 5 ஆம்பியர் சுவிட்சுக்கு ஈடாக 16 ஆம்பியர் சுவிட்சை வாங்கி வருவோரும் உளர். வலிய சுவிட்சைப் பூட்டியதனால் மெலிந்த கம்பி வலிமை பெறாது. விளக்கிற்கென இட்ட கம்பியில் 2,000 வாட் வெந்நீர்க் கருவியை இணைத்தால் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் மின்சாரம் ஓடும். பியூஸ் அடிக்கடி உருகுகிறதென்று தடித்த கம்பியை அதிலிட்டால், அடுத்தமுறை பியூசுக்கு மாறாகச் சுவருக்குள் கம்பி உருகும்.

இத்தகைய வீட்டில் ஒரு சுவிட்சின் பழுதைத் தீர்க்க வந்த மின்பணியாளர், வீடு முழுவதற்கும் புதுக்கம்பி இடவேண்டும் என்று கூறினால் வீட்டார் மனம் வருந்துவர். செலவு பெரிதன்றோ! எல்லா அறைகளுக்கும் ஒருங்கே செய்ய இயலாதவர், நீர் புழங்கும் சமையலறையையும் குளியலறையையும் முதலில் முடித்துக்கொள்வது தக்கது. நெகிழிக் குழாய்களின் வழியே செப்புக் கம்பிகளையும், முன்பு இல்லாத நிலக்கம்பியையும் புதிதாக இழுப்பர். 30 மில்லி ஆம்பியர் அளவு கசிந்த மாத்திரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்புக் கருவி மெயின் சுவிட்சின் அருகே அமையும். பழைய தேக்குச் சட்டங்களைக் கழற்றி எடுத்த இடத்தில் சுவர் நெடுக ஒரு வெளிர்கோடு தோன்றும். அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்வரை அக்கோடு சுவரில் இருக்கும்.