சிறுவர் தானமும் பெரியோர் கடமையும்

தானம் என்றால் மனமுவந்து கொடுப்பது என்றே பொருள். மறுக்கச் சக்தியற்ற ஒருவனிடமிருந்து பெறுவதைத் தானம் என்று எவ்வாறு அழைப்பது? உடலுறுப்பு மாற்றும் ரண சிகிச்சை தோன்றிய நாள் முதல் வைத்தியரையும் நியாயாதிபதிகளையும் வாட்டிவரும் பிரச்னை இதுவேயாகும்.

1954-ம் வருஷம் டிசம்பரில், அமெரிக்காவில் பாஸ்டன் நகரில், டாக்டர் ஜோஸப் மர்ரேயும் அவரது சகாக்களும் ஒத்த இரட்டையரில் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தி வெற்றி கண்டனர். அவ்விருவரும் வயது வந்தவர்கள். ஆனால் நோய் வயது பார்த்து வருவதில்லையே! 1957-ல் மூன்று ஜோடி இரட்டையர் விஷயமாக வைத்தியர்கள் நியாயஸ்தலத்தை அணுக நேர்ந்தது. ஒரு ஜோடிக்கு வயது 19. மற்ற இரண்டுக்கும் 14. அக்காலச் சட்டப்படி 21 வயது நிரம்பாதோர் மைனர்கள். குழந்தையின் நன்மைக்காகப் பெற்றோர் சம்மதம் அளிக்கலாம். ஒரு குழந்தையின் நன்மைக்காக மற்றொரு குழந்தையின் தேகத்தில் கத்தி வைக்கச் சம்மதிக்கலாமா? உடன்பிறந்தார் இறந்தால் எஞ்சியவர் மனம் பெரிதும் பாதிக்கப்படும், ஆகவே கொடுப்பவருக்கும் இதனால் நன்மை உண்டு என்று கூறி நியாயஸ்தலம் அனுமதி அளித்தது.

இத்தீர்ப்பில் கருணை உண்டு, அபாயமும் உண்டு. மன நன்மை என்னும் அளவுகோல் இழுத்த இழுப்புக்கெல்லாம் நீளக்கூடியது. 1990-ல் இல்லினாய் ராஜ்யத்தில் ஒரு தந்தை, ரத்தப் புற்றுநோயுற்ற தம் 12 வயது மகனுக்காக, வேறு தாய்க்குப் பிறந்த மூன்றரை வயது இரட்டைக் குழந்தைகளின் எலும்பு மஜ்ஜையை வேண்டினார். குழந்தைகளின் தாய் மறுத்தாள். அக்குழந்தைகளுக்கு நோயாளியுடன் நெருங்கிய பழக்கம் இல்லை என்று கண்டு நியாயஸ்தலமும் மறுத்தது. அச்சிறுவன் பிழைக்கவில்லை. மஜ்ஜையோ மீண்டும் ஊறக்கூடியது. அதற்கே இவ்வளவு தயக்கமெனில், எடுத்தபின் முளையாத சிறுநீரகத்துக்கு எவ்வளவு தயக்கம் வேண்டும்!

நமது தேசத்தில் 1994-ம் வருஷச் சட்டத்தின் கீழ் 2014-ல் ஏற்பட்ட விதிகள், விசேஷ வைத்தியக் காரணங்களை விவரமாகப் பதிவு செய்து, உரிய அதிகாரியும் ராஜ்ய சர்க்காரும் முன்னதாக அனுமதித்தாலன்றி, உயிருடனிருக்கும் மைனர் உறுப்பளிக்கக் கூடாதென்கின்றன. 2022-ல் கேரள ஹைக்கோர்ட்டின் அனுமதி பெற்று, 17 வயதுப் பெண் ஒருத்தி தன் தந்தைக்குக் கல்லீரலின் ஒரு பகுதியை ஈந்தாள். தானே விரும்பி வழக்காடிய அப்பெண்ணின் அன்பை யார்தான் போற்றாதிருப்பர்? எனினும், அவளைப் புகழும் நாவால், 'வேண்டாம்' என்று சொல்லும் மற்றொரு சிறுமியை இகழ்ந்துவிடலாகாது.

படுக்கையில் ஒரு பிள்ளையும் பக்கத்தில் ஒரு பிள்ளையும் உள்ள தாய் தந்தையர் நடுநிலை வகிப்பது மனித இயல்புக்கு மேற்பட்டது. அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. அவர்களையே நியாயாதிபதிகளாக்குவதுதான் தவறு. குடும்பத்துடன் சம்பந்தமற்ற ஒருவர் குழந்தையுடன் தனித்துப் பேசவேண்டும். குழந்தை அஞ்சினால், 'பொருத்தமில்லை' என்ற அளவோடு வைத்தியர் நிறுத்திக்கொள்ள வேண்டும். அந்தப் பயம் வீட்டில் ஆயுள் முழுதும் பழியாகக் கூடாது.

இவை யாவற்றினும் மேலான பரிகாரம் ஒன்றுண்டு. இறந்தபின் எரித்தும் புதைத்தும் அழிக்கும் உறுப்புக்களைப் பெரியோர் மனமுவந்து அளிப்பாராயின், குழந்தைகளிடம் கையேந்தும் அவசியமே அருகிவிடும். நாம் செய்யத் தவறியதைச் சிறுவரிடம் தியாகம் என்ற பெயரால் கேட்பது தர்மமாகாது.