வறட்டியும் அடுப்புப் புகையும்

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரங்களில் கறவை மாடு வைத்திருக்கும் குடும்பங்களில், எரிவாயு அடுப்பு வந்த பின்னரும், வெந்நீர் காய்ச்சுவதற்கேனும் விறகும் வறட்டியும் எரிக்கும் வழக்கம் அடியோடு நின்றபாடில்லை. கைக்காசு செலவில்லையென்பதால் இது லாபமெனத் தோன்றலாம். ஆனால் இதனால் வீட்டாரின் தேகசுகமும் வயலுக்குரிய எருவும் ஒருங்கே நஷ்டமாகின்றன.

ஈர விறகும் சரியாய் உலராத வறட்டியும் பூரணமாய் எரியாமையால் கார்பன் மோனாக்சைடு என்னும் விஷவாயுவும், தலைமயிரின் பருமனில் ஏறக்குறைய முப்பதிலொரு பங்கேயுள்ள நுண்துகள்களும் உண்டாகின்றன. இத்துகள்கள் நுரையீரலின் அடிவரை செல்லும். குழந்தைகளுக்கு நிமோனியாவும், பெரியோர்க்கு நாட்பட்ட நுரையீரல் நோயும் இதனால் நேரக்கூடும். அடுப்பருகே நெடுநேரம் இருக்கும் பெண்களுக்கே கேடு அதிகம்.

பூந்தமல்லியை அடுத்த போரூரிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தார், 2018-ல் தொடங்கிய நான்கு தேசப் பரிசோதனையொன்றில் பங்குகொண்டனர். தமிழ்நாட்டுக் கிராமத்தாரும், சாணம் எரிக்கும் பெரு தேசத்து மலைக்குடிகளும், குவாத்தமாலா, ருவாண்டா நாட்டாரும் அதிற் சேர்ந்தனர். சுமார் 3,200 கர்ப்பிணிகளில் பாதிப்பேருக்கு எரிவாயு இலவசமாய் அளிக்கப்பட்டது. விறகு முதலியன எரித்தோர் சுவாசித்த காற்றில் கன மீட்டருக்கு சுமார் 70 மைக்ரோகிராம் நுண்துகள் இருக்க, வாயு பெற்றோருக்கு அது 24 ஆகவே இருந்தது. எனினும், பிறந்த சிசுக்களின் எடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசமில்லையென்று 2022-ல் வெளியிடப்பட்டது. உலக சுகாதார ஸ்தாபனம் 2021-ல் விதித்த வருஷ சராசரி அளவோ 5 மாத்திரமே. ஆகவே, அடுப்பை மாற்றினால் புகை வெகுவாய்க் குறையும். அஃதொன்றே எல்லாக் குறையையும் தீர்க்குமென்று எண்ணலாகாது.

எருவின் விஷயம் ஐயத்திற்கிடமற்றது. சாணத்தை எரித்தால் தழைச்சத்து புகையோடு போய்விடும். சாம்பலில் சாம்பற்சத்தும் மணிச்சத்தும் மட்டுமே மிஞ்சும். அதையே சாண எரிவாயுக் கலத்திலிட்டால், சமைக்க வாயு கிடைப்பதுடன், தழைச்சத்தும் பெரும்பாலும் கழிவுக் குழம்பில் தங்கி நிலத்திற்கு உதவும். நான்கைந்து மாடுகளுள்ளோர், தினம் சுமார் 50 கிலோ சாணம் கிடைக்குமாயின், 2 கன மீட்டர் கலம் நடத்தலாம். அது ஒரு சிறு குடும்பத்தின் சமையலுக்குப் போதுமானது.

இதற்கு வசதியில்லாதோர் செய்யத்தக்கவையாவன: விறகைச் சிறிதாய்ப் பிளந்து, மழைபடாமல் நன்றாய் உலர்த்தி எரித்தல், கூரைக்குமேல் உயர்ந்த புகைபோக்கி அமைத்தல், பாத்திரங்களை மூடிச் சமைத்தல், வெந்நீர் அடுப்பை வீட்டிற்கு வெளியே வைத்தல், அடுப்பெரியும்போது கைக்குழந்தைகளை அருகில் வைத்துக்கொள்ளாதிருத்தல். இவற்றிற்குப் பணம் அதிகம் வேண்டுவதில்லை. புகைபோக்கி நீங்கலாக மற்றவற்றை இன்றே தொடங்கலாம்.