லிட்டருக்கு 39 ரூபாய் மிச்சமா?

எதிர்வீட்டுத் தம்பி கையில் ஒரு துண்டுச் சீட்டோடு டீக்கடைக்கு வந்தார். மடிப்பாக்கத்திலிருந்து கிண்டிக்கு வேலைக்குப் போய்வருகிறவர். வீட்டு வாசலில் ஒன்பது வயதான பெட்ரோல் கார் நிற்கிறது.

"காருக்கு கேஸ் கிட் போட்டுடலாம்னு இருக்கேண்ணே. நாப்பதாயிரம் சொல்றாங்க. ரெண்டரை வருஷத்துல போட்ட காசு வந்துடும். கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்."

இரண்டு டீ சொல்லிவிட்டுச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். பெட்ரோல் 101 ரூபாய், கேஸ் 62 ரூபாய், வித்தியாசம் 39. கார் மாதம் 500 கிலோமீட்டர் ஓடுகிறது. லிட்டருக்கு 15 கொடுக்கிறது. அப்படியானால் மாதம் 33 லிட்டர், மிச்சம் ஏறக்குறைய 1,300 ரூபாய். நாற்பதாயிரத்தை 1,300-ஆல் வகுத்தால் 31 மாதம். பெருக்கலிலும் வகுத்தலிலும் தப்பில்லை. விலை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். நீங்கள் உங்கள் பங்க்கில் போட்டிருக்கிற விலையை வைத்துக்கொள்ளலாம். தம்பியின் தப்பு விலையில் இல்லை. லிட்டரில் இருக்கிறது.

பெட்ரோல் ஒரு லிட்டரை எடை போட்டால் சுமார் 740 கிராம் நிற்கும். வண்டிக்கு ஊற்றுகிற எல்.பி.ஜி., புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த வாயு. அழுத்தத்தால் திரவமாகி டேங்க்கில் கிடக்கிறது. அதில் ஒரு லிட்டர் 550 கிராம் பக்கம்தான் வரும். கிலோவுக்குக் கிலோ பார்த்தால் கேஸில் சூடு கொஞ்சம் அதிகம்கூட. ஆனால் பங்க்கில் நமக்கு லிட்டரில்தான் அளந்து போடுகிறார்கள், அந்த லிட்டரோ இளைத்த லிட்டர். பெட்ரோலில் 15 கொடுக்கிற வண்டி கேஸில் 12 கொடுத்தாலே ட்யூனிங் நன்றாகச் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அதனால் லிட்டர் கணக்கை விட்டுவிட்டுக் கிலோமீட்டர் கணக்குக்கு வரவேண்டும். பெட்ரோலில் ஒரு கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 73 காசு. கேஸில் 5 ரூபாய் 17 காசு. மிச்சம் 1 ரூபாய் 56 காசு. மாதம் 500 கிலோமீட்டருக்கு 780 ரூபாய். டீ வருவதற்குள் 1,300 ரூபாய் 780 ஆகிவிட்டது. தம்பி சீட்டைத் திருப்பி வாங்கிப் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

அடுத்ததை நிறையப் பேர் யோசிப்பதில்லை. கேஸ் போட்ட வண்டி காலையில் பெட்ரோலில்தான் கிளம்பும். திரவம் ஆவியாகும்போது சுற்றியிருக்கிற சூட்டை இழுத்துக்கொள்ளும். கல்யாண மண்டபத்தில் பெரிய அடுப்பு எரியும்போது சிலிண்டர்மேல் பனி பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதுதான் இது. வண்டியில் இந்த வேலை ரெடியூசர் என்கிற சின்னப் பெட்டிக்குள் நடக்கிறது. அந்தப் பெட்டி உறைந்துபோகாமல் இருக்க, ரேடியேட்டரில் ஓடுகிற வெந்நீரை அதற்குள்ளும் சுற்றவிடுகிறார்கள். காலையில் அந்தத் தண்ணீர் சுடும்வரை பெட்ரோல், சுட்ட பிறகுதான் கேஸ். சென்னை வெயிலில் ஒன்று, ஒன்றரை கிலோமீட்டருக்குள் மாறிவிடும். இருநூறு கிலோமீட்டர் போகிறவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. தம்பிக்கோ அலுவலகம் எட்டு கிலோமீட்டர். போகும்போது ஒரு தடவை, சாயங்காலம் என்ஜின் ஆறிப்போனபின் திரும்பும்போது இன்னொரு தடவை. அவர் ஓட்டுவதில் ஐந்தில் ஒரு பங்கு பெட்ரோலில்தான் ஓடும். 780 இப்போது 625.

முழு இன்சூரன்ஸ் எடுத்திருந்தால், கிட்டின் விலையில் சுமார் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம் உண்டு. நாற்பதாயிரத்துக்கு வருஷம் 1,600 ரூபாய். மாதத்துக்குப் பிரித்துக் கழித்தால் நிற்பது 490.

நாற்பதாயிரத்தை 490-ஆல் வகுக்கத் தம்பிக்கு போன் தேவைப்பட்டது. 81 மாதம் தாண்டியது. ஏழு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. காருக்கு இப்போதே ஒன்பது வயது. சொந்த வண்டியின் ஆர்.சி. பதினைந்து வருஷத்துக்குத்தான், அதற்கப்புறம் புதுப்பிக்க வேண்டும். போட்ட காசு கைக்கு வரும் முன்னே ஆர்.சி. முடிந்துவிடும்.

இதே கேள்வியைத் தாம்பரத்தில் இருக்கிற என் சித்தி மகன் கேட்டபோது, தயங்காமல் போடு என்றேன். அவனுக்கு பேக்கரிகளுக்கு ரொட்டி இறக்குகிற வேலை. மாதம் 2,500 கிலோமீட்டர். காலையில் ஒருமுறை சூடான என்ஜின் மத்தியானம்வரை ஆறுவதில்லை. அதே மைலேஜ், அதே கிட் என்று வைத்துக்கொண்டாலும் எல்லாம் கழித்து மாதம் 3,500 ரூபாய் கையில் நிற்கும். ஒரு வருஷத்தில் கிட் இனாம். சென்னை ஆட்டோக்காரர்கள் கேஸுக்குப் போனதும் இந்தக் கணக்கில்தான். நாள் முழுக்க ரோட்டில் இருக்கிற வண்டிக்கு, கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் மிச்சம் என்பதுகூட வீட்டு வாடகைக்கு ஆகிற காசு.

அவனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: நீ தினம் போகிற வழியில் கேஸ் பங்க் இருக்கிறதா? 35 லிட்டர் டேங்க் என்றால் 28 லிட்டர்தான் பிடிக்கும். வெயிலில் திரவம் விரிய இடம் வேண்டும் என்பதால் 80 சதவீதத்தில் வால்வு தானாக மூடிக்கொள்ளும். 28 லிட்டரில் 336 கிலோமீட்டர் போகலாம், ஒரு டேங்க்குக்கு மிச்சம் 520 ரூபாய். அதை நிரப்ப வழியை விட்டுப் பத்து கிலோமீட்டர் போய்வந்தால், பத்தில் ஒரு பங்கு அங்கேயே போயிற்று. கியூவில் நிற்கிற நேரம் தனி. வெளியூர்களில் கேஸ் பங்க் தேடி அலைந்து, கடைசியில் பெட்ரோலிலேயே ஓட்டித் திரும்புகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

என்ஜின் கெட்டுப்போகுமா என்று தம்பி கேட்டார். நானும் ஆறு வருஷம் கேஸ் வண்டி ஓட்டியவன். என்னுடையது பழைய மிக்ஸர் வகைக் கிட். ஒருநாள் மேட்டில் திணறி, காற்றுக் குழாய்க்குள்ளேயே கேஸ் பற்றிக்கொண்டு ஏர் ஃபில்டர் டப்பா பிளந்தது. இப்போது வருகிற சீக்வென்ஷியல் கிட் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி இன்ஜெக்டரில் அளந்து கொடுப்பதால் அந்தத் தொல்லை மிகவும் குறைவு. கேஸ் சுத்தமாக எரியும், ஆயில் சீக்கிரம் கறுக்காது, புகையும் குறைவு. பிக்கப் கொஞ்சம் குறையும். ஆள் நிறைய ஏற்றி மேம்பாலம் ஏறும்போது தெரியும். ஆனால் கேஸ் காய்ந்த எரிபொருள். பெட்ரோல் ஈரமாக இறங்கி வால்வைக் குளிரவைப்பதுபோல இது செய்யாது. வால்வு உட்காரும் இடம் தேயும், சில என்ஜின்களில் சீக்கிரமே தேயும். வால்வு இடைவெளியையும் ஸ்பார்க் பிளக்கையும் நேரத்துக்குப் பார்க்கிற மெக்கானிக் பக்கத்தில் இல்லையென்றால் போடவே வேண்டாம் என்பேன். வாரன்ட்டி ஓடிக்கொண்டிருக்கிற புது வண்டியில் கை வைக்கவும் வேண்டாம்.

டேங்க் வெடித்துவிடுமோ என்கிற பயம் தம்பியின் மனைவிக்கு. ஸ்டெப்னி குழியில் உட்கார்கிற, மெதுவடை மாதிரி நடுவில் ஓட்டை உள்ள டேங்க்குகள் கெட்டியான இரும்பு. உள்ளே அழுத்தம் கார் டயரில் இருப்பதைப்போல நான்கைந்து மடங்குதான். சி.என்.ஜி. டேங்க்கில் அது டயரைப்போல ஏறக்குறைய நூறு மடங்கு. குழாய் அறுந்தால் மூடிக்கொள்கிற வால்வும் உண்டு. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை டேங்க்கைச் சோதித்துச் சான்று வாங்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையில் தேங்கும். அடித்தளத்தில் வண்டி நிறுத்துகிற அடுக்குமாடிக்காரர்கள், வாசனை வந்த உடனே சுவிட்சைத் தொடாமல் வெளியே வந்துவிட வேண்டும்.

சட்டம் இதற்குத் தடையில்லை. 2000-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து, அங்கீகாரம் பெற்ற கிட்டை அங்கீகாரம் பெற்ற இடத்தில் போட்டு, ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளலாம். பி.எஸ். 6 வண்டிகளுக்கும் 2022-ல் வழி திறந்துவிட்டார்கள். ஆர்.சி.யில் ஏற்றாமல், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லாமல் ஓட்டினால், விபத்து நாளன்று நஷ்டஈடு கேட்டு நிற்க முடியாது.

டீ முடிந்தது. தம்பி சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "அப்ப வீட்டு சிலிண்டர்லேர்ந்து ஏத்திக்கிட்டா இன்னும் மலிவாமேண்ணே, ஒருத்தர் சொன்னாரு" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அது குற்றம். குற்றம் என்பதைவிட, சாவோடு விளையாடுவது. 14.2 கிலோ சிலிண்டரைக் கவிழ்த்துவைத்து மோட்டாரால் உறிஞ்சி ஏற்றுகிறார்கள். கசிவது தரையோடு பரவி நிற்கும், அந்த மோட்டாரின் ஒரு பொறி போதும். சில வேன்களில் சமையல் சிலிண்டரையே சீட்டுக்கடியில் மாட்டிவைத்து ஓட்டுகிறார்கள். 80 சதவீதத்தில் மூடுகிற வால்வு அதில் இல்லை, குழாய் அறுந்தால் நிறுத்துகிற வால்வும் இல்லை. படிக்கிறவர்களில் பிள்ளையை வேனில் பள்ளிக்கு அனுப்புகிறவர்கள் இருப்பீர்கள். நாளைக் காலை ஒரு நிமிஷம் குனிந்து சீட்டுக்கடியில் பாருங்கள். அங்கே சிவப்பு சிலிண்டர் இருந்தால், பிள்ளையை அப்போதே இறக்கிக்கொள்ளுங்கள்.