அண்ணன் வாங்கிய ஜாக்பாட் இயந்திரம்

என் பெரியப்பா மகன் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் இருபது ஆண்டுகளாக வசிக்கிறார். சென்ற ஜூன் மாதம் விடுப்பில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்த கையோடு, “வா, ஒண்ணு காட்டுறேன்” என்று கராஜுக்கு அழைத்துப் போனார். சுவிட்சைப் போட்டதும் மூலையில் ஆளுயரப் பெட்டி ஒன்று மின்னியது. கூடவே ஒரு மெட்டு. அந்த மெட்டை நான் முன்பு கேட்டதில்லை. ஆனால் அந்த ஜாதி மெட்டு எனக்கு நன்றாகத் தெரியும். வயிற்றைப் பிசைந்தது.

நாம் ஜாக்பாட் என்று சொல்வதை அங்கே ‘ஃபுருட் மெஷின்’ என்கிறார்கள். அண்ணனிடம் இருப்பது 1990களின் நடுப்பகுதியில் ஏதோ ஒரு பப்பில் நின்றது. அதிகபட்சப் பரிசு பத்தே பவுண்டு. 180 பவுண்டுக்கு வாங்கினாராம். வேனில் ஏற்றி இறக்க இன்னும் 60 பவுண்டு. “ரெண்டு பேர் தூக்கியும் இடுப்பு போச்சு” என்றார். சொந்த விளையாட்டுக்காக வீட்டில் வைத்துக்கொள்ள அங்கே தடையில்லை. பப்புகள் மூடும்போதும் இயந்திரங்களை மாற்றும்போதும் பழையவை இப்படி விற்பனைக்கு வருகின்றன.

எனக்கு அது விளையாட்டுப் பொருளாகத் தெரியவில்லை. என் பள்ளி நாள்களில் சனிக்கிழமை என்றால் அப்பாவோடு கிளப்புக்குப் போவது. நான் வெளியே உருளைக்கிழங்கு வறுவலோடு உட்கார்ந்திருப்பேன். சிறுவர்களுக்கு ஜாக்பாட் அறையில் அனுமதியில்லை. கதவு திறந்து மூடும்போது மட்டும் அந்த மெட்டு வெளியே வரும். “அஞ்சு நிமிஷம்” என்று உள்ளே போனவர் வரும்போது வறுவல் ஆறிப்போய் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். ஒரு டிசம்பரில் பதின்மூன்றாம் மாதச் சம்பளம் முழுவதும் அந்த அறையிலேயே போனது. அடுத்த வாரம் எனக்குப் பள்ளிக் காலணி வாங்க அம்மா பக்கத்து வீட்டு அத்தையிடம் கைமாற்று வாங்கினார். அப்பா 2009இல் நிறுத்திவிட்டார். எப்படி நிறுத்தினார் என்று நாங்கள் கேட்டதும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை.

அண்ணனுக்கு இதெல்லாம் தெரியும். அதனால்தானோ என்னவோ, என்னை விளையாடச் சொல்லவில்லை. சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தார்.

“வாங்குறதுன்னா முதல்ல இதைக் கேக்கணும்” என்று சாவிக்கொத்தை ஆட்டினார். சாவி இல்லாத இயந்திரத்தை மலிவாகத் தருவார்கள். பிறகு பூட்டைத் துளையிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அடுத்தது, மின்பலகையில் ஒட்டியிருக்கும் சின்ன மின்கலம். மின்சாரம் நின்ற பிறகும் இயந்திரத்தின் கணக்கை மறக்காமல் வைத்திருப்பது அதுதான். பல ஆண்டுகள் கிடந்தால் அது கசிந்து, பலகையின் செம்புத் தடங்களைப் பச்சையாக அரித்துவிடும். அண்ணன் பார்க்கப் போன முதல் இரண்டு இயந்திரங்களும் வெளியே பளபளப்பு, உள்ளே இப்படி.

நாணயத்திலும் ஒரு சிக்கல். பிரிட்டனில் 2017 மார்ச்சில் பன்னிரண்டு பக்க ஒரு பவுண்டு நாணயம் வந்தது. பழைய வட்ட நாணயம் அந்த ஆண்டு அக்டோபர் 15ஆம் தேதியோடு செல்லாக் காசானது. புதியது சற்று அகலம், சற்று மெலிவு. பழைய இயந்திரம் அதைத் துப்பிவிடும். நாணயக் கருவியை மாற்றலாம். அண்ணன் மாற்றவில்லை. ஒரு பிஸ்கட் டின் நிறையப் பழைய வட்ட நாணயங்கள் வைத்திருக்கிறார். நண்பர்கள் வந்தால் டின்னைக் கொடுப்பார். விளையாட்டு முடிந்ததும் எல்லாம் டின்னுக்கே திரும்பும். பரிசு கொடுக்கும் குழாய்களையும் முதலில் நாம்தான் நிரப்பி வைக்க வேண்டும். நம் காசை நாமே போட்டு நாமே ஜெயிக்கும் வேடிக்கை!

பெட்டிக்குள் மூன்று சக்கரங்கள். ஒவ்வொன்றிலும் 16 படங்கள். செர்ரி, எலுமிச்சை, பிளம். பழங்கள் ஏன் வந்தன என்பது தனிக் கதை. சான் பிரான்சிஸ்கோவில் சார்லஸ் ஃபே என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் செய்த ‘லிபர்ட்டி பெல்’ இயந்திரத்தில் சீட்டுக்கட்டுச் சின்னங்களும் மணியும் இருந்தன. பின்னர் சூதாட்டச் சட்டங்களுக்குத் தப்ப, காசுக்குப் பதில் சூயிங் கம் தரும் இயந்திரங்கள் வந்தன. கம்மின் சுவையைக் காட்டத்தான் பழங்கள். கம் போய்விட்டது, பழம் நின்றுவிட்டது.

பலகையில் செருகியிருந்த விரல்நுனி அளவு பிளாஸ்டிக் துண்டு ஒன்றை அண்ணன் தொட்டுக் காட்டினார். “இதுதான் விழுக்காடு.” அதைப் பொறுத்து இயந்திரம், உள்ளே போன பணத்தில் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்று தெரிந்துகொள்கிறது. இந்த இயந்திரத்தில் 78. வந்ததையும் கொடுத்ததையும் அது விடாமல் கூட்டிக் கழித்துக்கொண்டே இருக்கும். கொடுத்தது அதிகமானால் கையை இறுக்கும். குறைந்தால் கொஞ்சம் தளர்த்தும்.

இங்கேதான் நான் அதிர்ந்துபோனேன். அப்பாவின் சித்தாந்தமே அதுதானே! “ரொம்ப நேரமா விழுங்கிக்கிட்டே இருக்கு, இப்ப கொடுத்தாகணும்” என்பார். அந்த நம்பிக்கையில்தான் காலணிக் காசு போனது. அப்படியென்றால் அப்பா சொன்னது சரியா?

லெஸ்டரில் பாதி சரி. சிங்கப்பூரில் தவறு. பிரிட்டிஷ் பப் இயந்திரங்கள் பலவும் இப்படிக் கணக்கை ஈடுகட்டும் வகை. அப்பா விளையாடியது அதுவல்ல. அந்த வகையில் ஒவ்வொரு சுற்றும் தனித்தனி. முந்தைய ஆயிரம் சுற்றுகளில் என்ன நடந்தது என்பது அடுத்த சுற்றுக்குத் தெரியாது. எவ்வளவு நேரம் விழுங்கியிருந்தாலும் அது யாருக்கும் கடன்பட்டிருக்கவில்லை. கணக்கு வைத்திருக்கும் பிரிட்டிஷ் இயந்திரமும் மொத்தத்தில் 22ஐத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். உங்களுக்கு முன் போட்டவர் தோற்றதை உங்களிடம் கொடுக்கலாம், உங்கள் காசை அடுத்தவரிடம் கொடுக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. பரிசு விழுந்ததும் இயந்திரம் ஓர் எண்ணைக் காட்டி, அடுத்தது கூடுமா குறையுமா என்று கேட்கும். சரியாகச் சொன்னால் பரிசு பெருகும். நமக்குத் தேர்வு இருக்கிறது என்றுதான் தோன்றும். ஆனால் ஆர்வலர்கள் இத்தகைய இயந்திரங்களின் மென்பொருளைக் கணினியில் ஓடவிட்டு, ஒரே கட்டத்திலிருந்து இரண்டு பொத்தான்களையும் மாறி மாறி அழுத்திப் பார்த்தார்கள். சில நேரங்களில் எதை அழுத்தினாலும் தோல்விதான். பிற்காலத்தில் அங்கே பல இயந்திரங்களின் முகப்பிலேயே, சில சமயம் வெல்ல வாய்ப்பே இல்லாத தேர்வு தரப்படலாம் என்று அச்சிட்டு ஒட்ட வேண்டி வந்தது. அந்த வரியை நான் இரண்டு முறை படித்தேன்.

படிக்கிறவர்களில் யாருக்காவது ஒன்று வாங்கிவந்து வரவேற்பறையில் வைக்கும் ஆசை வந்தால், விட்டுவிடுங்கள். சிங்கப்பூரில் இவை சூதாட்ட ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டுப்பாட்டுக்குள் வருபவை. மலேசியாவிலும் சூதாட்ட இயந்திரத்தை வீட்டில் வைத்திருந்தால் சட்டம் சும்மா விடாது.

அப்போது லெஸ்டரில் பிற்பகல் இரண்டு மணி, இங்கே இரவு ஒன்பது. அண்ணன் என்னைக் கேட்காமலே அப்பாவுக்குக் காணொளி அழைப்பு போட்டார். எனக்குக் கை நடுங்கியது. “சித்தப்பா, இதைப் பாருங்க” என்று கைப்பேசியைத் திறந்த பெட்டிக்குள் நீட்டினார்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். வெகுநேரம் பேசவில்லை.

“உள்ள இப்படித்தான் இருக்குமா?”

“இதுல இப்படித்தான் சித்தப்பா.”

அண்ணன் விழுக்காட்டுக் கதையைச் சொன்னார். இங்குள்ள இயந்திரம் வேறு வகை என்பதையும் சொன்னார். அப்பா குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, “மிச்சம் 22 எங்க போவுது?” என்றார். அண்ணன் குனிந்து, பெட்டியின் அடியில் இருந்த தகரப் பெட்டியை இழுத்துக் காட்டினார். காலி. பழைய நாணயம் ஒன்று மட்டும் மூலையில் உருண்டது.

அப்பா திரையிலிருந்து முகத்தைத் திருப்பி, “இங்க வா, நீயும் பாரு” என்று அம்மாவைக் கூப்பிட்டார்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்து, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

“இவ்வளவு சின்ன டப்பாவா?” என்றார்.