ஆறிய புண்ணும் ஆறாத நோயும்

முப்பது ஆண்டுகளுக்கு மேல் உடல்நலப் பாடம் நடத்தினேன். ஒரு பாடத்தை மட்டும் நாணத்தால் நடத்தாது விட்டேன். அக்கடனை இன்று தீர்க்க விழைகின்றேன்.

பழைய மாணவன் ஒருவன், திருமணத்திற்கு நாள் குறித்த பின் என்னைக் காண வந்தான். சில மாதங்களுக்கு முன் மறைவிடத்தில் வலியற்ற புண் ஒன்று தோன்றி, மருந்தின்றியே ஆறிற்றாம். "நோய் போய்விட்டதல்லவா, ஐயா?" என்று வினவினான். உடனே அவனை மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். குருதிச் சோதனை, அது மேகப்புண் என்னும் சிபிலிஸ் எனக் காட்டிற்று.

இந்நோய்க்குக் காரணமான திருகு வடிவக் கிருமியை ஷவுடின், ஹாஃப்மன் என்போர் 1905இல் ஜெர்மனியில் கண்டறிந்தனர். உடலுறவால் தொற்றும் இக்கிருமி, ஏறத்தாழ மூன்று வாரங்களில் புண்ணைத் தோற்றுவிக்கும். புண் தானே ஆறும். கிருமியோ உடலுள் ஒளிந்திருந்து, பல்லாண்டுகளுக்குப் பின் இதயத்தையும் மூளையையும் தாக்கக்கூடும். கருவிலுள்ள குழவியையும் அது பற்றும்.

பெனிசிலின் இதனைத் தீர்க்கும் என்பது 1943இல் அமெரிக்காவில் தெளிவாயிற்று. இன்றும் அதுவே முதன்மையான மருந்து. வெட்டை நோய்க் கிருமியோ பல மருந்துகளை எதிர்க்கும் ஆற்றல் பெற்றுவிட்டது. ஆதலின், மருந்துக்கடையில் தாமே மாத்திரை வாங்கி உண்ணற்க. உறவுகொண்ட இருவரும் மருத்துவம் பெறுதல் வேண்டும். ஒருவர்க்கொருவர் உண்மையாயிருத்தலும், ஆணுறையும், காலத்தில் செய்யும் சோதனையும் தற்காப்பாகும்.

அம்மாணவன் மணப்பெண்ணிடம் உண்மையை உரைத்தான். நோய் தீர்ந்த பின்னரே மணம் நடந்தது. அவன் கேட்ட வினாவை நீங்களும் அஞ்சாது மருத்துவரிடம் கேளுங்கள்.