குச்சவெளியில் ஒளிர்ந்த 'புழு': அது புழுவல்ல, வண்டு

கடந்த கார்த்திகை, விளக்கீட்டுக்கு இரண்டு நாள் இருக்கும்போது குச்சவெளியில் மாமியின் வீட்டில் நின்றேன். மழை. கரண்ட் இல்லை. கிணற்றடிக்குப் பின்னால், 1990 இல் நாங்கள் விட்டுவிட்டு ஓடிய பழைய வீட்டின் அத்திவாரக் கற்களுக்கு இடையில் பச்சையாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. மின்மினிபோல அணைந்து அணைந்து எரியவில்லை. அசையாமல் நின்று எரிந்தது.

"தம்பி, கிட்டப் போகாத. என்னெண்டு தெரியாத சாமானைத் தொடக்கூடாது" என்றார் மாமி.

மீளக் குடியேறிய புதிதில் மிதிவெடி பற்றி விளக்க வந்தவர்கள் சொல்லிக்கொடுத்தது அது. மாமி இன்னும் மறக்கவில்லை. மறக்கச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. எங்கள் வயதுக்காரருக்கு இரவில் தெரிந்த வெளிச்சம் எதுவும் நல்ல சேதி கொண்டு வந்ததில்லை. பரா வெளிச்சம் எழும்பினால் குப்பி விளக்கை ஊதி அணைத்துவிட்டுப் படுத்துக்கிடந்தவர்கள் நாங்கள்.

ரோர்ச் அடித்துப் பார்த்தேன். ஐந்தரை சென்றிமீற்றர் நீளம். வெளிறிய மஞ்சள் நிறம், வளையம் வளையமான மெத்தென்ற உடம்பு, முன்பக்கம் ஆறு கால்கள். பார்த்தால் யாரும் புழு என்றுதான் சொல்வார்கள். ஆனால் அது மின்மினிக் குடும்பத்தைச் சேர்ந்த வளர்ந்த பெண் வண்டு. உலகில் 2000க்கு மேற்பட்ட மின்மினி இனங்கள் உண்டு. அவற்றில் பலவற்றில் ஆணுக்கு மட்டுமே சிறகு. பெண் கடைசிவரை புழுவின் உருவத்திலேயே இருந்து, நிலத்தில் கிடந்தபடி ஒளிகாட்டி ஆணை அழைக்கும். லூசிபெரின் என்ற பொருள் உடலுக்குள் ஒட்சிசனோடு சேரும்போது பிறக்கும் ஒளி அது. சூடு கிடையாது, கையில் வைத்தாலும் சுடாது.

இதுபோல ஒன்றை உங்கள் வளவில் கண்டால் முதலில் ஒளி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். உடல் நெடுகப் புள்ளி புள்ளியாக, இரவில் தூரத்தே போகும் கோச்சியின் யன்னல்கள் போல ஒளி தெரிந்தால் அது வேறு குடும்பம். மரவட்டையைத் தின்று வாழும் அந்தக் குடும்பத்தில் இலங்கையில் காணப்படும் ஓர் இனத்தைப் பற்றி, ஆங்கிலேயர் காலத்தில் இங்கே அரச பூச்சியியலாளராக இருந்த ஏர்னஸ்ட் கிறீன் எழுதியிருக்கிறார். நான் கண்டதில் வால் பக்கத்தில் அடிப்புறம் மட்டுமே ஒளிர்ந்தது.

அடுத்த கேள்வி, இது குஞ்சுப் புழுவா, வளர்ந்த பெண்ணா என்பது. இரண்டும் ஒளிரும் என்பதால் படித்தவர்களும் இதில் தடுமாறுவார்கள். காலின் நுனியைப் பார்க்க வேண்டும். புழுவின் காலில் ஒற்றை நகம் இருக்கும். வளர்ந்த வண்டின் பாதம் சிறு கணுக்களாகப் பிரிந்து, நுனியில் இரட்டை நகம் இருக்கும். கைபேசியின் கமராவுக்கு முன்னால் ஒரு பூதக்கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு நகம். புழுவாக இருந்தால் முதுகில் கரிய தகடுகளும் தெரிந்திருக்கும், வால் நுனிக்குச் சற்று முன்னால் இரண்டு சிறிய ஒளிப்பொட்டுகள் இருந்திருக்கும்.

இவ்வளவு பெரிய உடம்பு இருந்தால் லம்ப்ரிஜெரா என்ற பேரினத்தை நினைக்கலாம். ஆனால் பெண்ணை மட்டும் வைத்து இனப்பெயர் சொல்லக்கூடாது. மின்மினிகளைப் பிரித்தறியும் அடையாளங்கள் பெரும்பாலும் ஆணில்தான் இருக்கின்றன. ஆணைத் தேடி அலையவும் தேவையில்லை, அவளே கூப்பிடுவாள். வாயகன்ற போத்தலில் ஈரமண்ணும் சருகும் போட்டு அவளை விட்டேன். வாயை நுளம்பு வலைத் துண்டால் கட்டி, எடுத்த இடத்திலேயே வைத்தேன். மூன்றாம் இரவு, மழை ஓய்ந்த நேரம், வலைக்கு மேல் ஓர் ஆண் வந்து குந்தியிருந்தது. அவளில் பாதியளவும் இல்லை. மண்ணிறம், முழுச் சிறகு. தலையை மூடிய கேடயம், அதற்குக் கீழே தலை முழுவதையும் பிடித்துக்கொண்ட இரண்டு பெரிய கண்கள். அவளுடைய ஒளியைக் கண்டுபிடிக்கத்தான் அந்தக் கண்.

இந்தப் பேரினத்தில் இலங்கையில் நன்கு அறியப்பட்டது லம்ப்ரிஜெரா டெனெப்ரோசா. 1858 இல் பிரான்சிஸ் வோக்கர் என்ற ஆங்கிலேயர் விவரித்துப் பெயரிட்டார். டெனெப்ரோசா என்றால் லத்தீனில் இருண்டது என்று பொருள். ஒளிரும் சீவனுக்கு வைத்த பெயரைப் பாருங்கள்! இருவரையும் மேலும் கீழுமாகப் படமெடுத்து, கண், கேடயம், உணர்கொம்பு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, வலையை அவிழ்த்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து அதே கற்களுக்கு அடியில் உருண்டையான முட்டைகளைச் சுற்றி அவள் சுருண்டு கிடந்தாள். இந்தப் பேரினத்துப் பெண்கள் முட்டையிட்ட பின் அப்படியே காவல் கிடந்து செத்துப்போகும்.

மாமிக்கு இதெல்லாம் பெரிதாகப் படவில்லை. "அது என்னத்தைத் தின்னுது?" என்று மட்டும் கேட்டார். நத்தை என்றேன். அதற்குப் பிறகுதான் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

மாரி தொடங்கினால் மாமியின் பப்பாசிக் கன்றும் கீரைப் பாத்தியும் ஆபிரிக்க நத்தைக்குத்தான். கிழக்காபிரிக்காவைச் சேர்ந்த அந்த நத்தை 1900 ஆம் ஆண்டளவில் இலங்கைக்கு வந்தது. பத்து வருடங்களுக்குள் தென்மேற்குக் கரையில் தோட்டங்களை அழிக்கத் தொடங்கியது. அதைத் தின்பது இந்த மின்மினியின் புழு. நத்தையின் சளித்தடத்தைப் பின்தொடர்ந்து போய், துளையுள்ள தாடையால் கடித்து நஞ்சை ஏற்றும். நத்தை செயலிழந்ததும் சதையைக் கரைத்து உறிஞ்சும். பிறகு வாலில் உள்ள தூரிகை போன்ற உறுப்பால் தன்மேல் ஒட்டிய சளியைத் துடைத்துக்கொள்ளும். 1924 இலேயே இலங்கை விவசாயத் திணைக்களம் இதன் வாழ்க்கையை எழுதி வெளியிட்டது. 1950களில் ஹவாய்த் தீவுகளுக்கு நத்தையை ஒழிக்க இங்கிருந்து கொண்டுபோய் விட்டார்கள். அங்கே அது நிலைக்கவில்லை.

நாமோ இங்கே உப்பைக் கொட்டுகிறோம், நத்தை மருந்துக் குளிசையைத் தூவுகிறோம். உப்பு மண்ணைக் கெடுக்கும். குளிசையை நாயும் கோழியும் தின்னும். கையுறை போட்டு இரவில் நத்தையைப் பொறுக்கி அழிப்பது நல்லது. வெறுங்கை கூடாது, மூளையைத் தாக்கும் ஒட்டுண்ணி நத்தையில் இருக்கலாம்.

இன்னொன்றையும் மாமியிடம் சொன்னேன். பெண்ணுக்குச் சிறகில்லை. டோசர் போட்டுக் காணியை ஒரேயடியாக வழித்தால் ஆண் பறந்து தப்பும். அவளும் முட்டைகளும் மண்ணோடு போய்விடும். பக்கத்துக் காணியிலிருந்து இன்னொருத்தி ஊர்ந்துதான் வந்து சேர வேண்டும். இரவிரவாக வளவில் லைற் எரிந்தாலும் ஆணுக்கு அவளுடைய ஒளி தெரியாது. யுத்தத்துக்குப் பிறகு வெளிச்சம் வேண்டுமென்று வருடக்கணக்காகக் கேட்டு வாங்கிய சனத்திடம் லைற்றை அணையுங்கள் என்று எந்த வாயால் சொல்வது? பின்வளவு லைற்றை மட்டும், படுக்கப் போகும்போது நிறுத்தலாம்.

தை பிறந்ததும் பழைய அத்திவாரத்தை உடைத்துப் புதுவீட்டுக்கு அடி போடுவதாக இருந்தது. கிணற்றடி மூலையைக் கடைசியாகப் பார்ப்போம் என்று மாமி மேசனிடம் சொல்லியிருக்கிறார். ஏன் என்று அவர் கேட்டாராம்.

"அங்க ஒரு ஆள் இருக்கிறா" என்றாராம் மாமி.