வீடு வீடாகச் செய்த வேலைக்கு யார் சாட்சி?

2016 டிசம்பர் 8 அன்று கேரள அரசு ஹரித கேரளம் (பசுமைக் கேரளம்) இயக்கத்தைத் தொடங்கியபோது, விழாவைத் தலைநகரத்து அரங்கில் வைக்கவில்லை. நெய்யாற்றின்கரைப் பக்கமுள்ள கொல்லயில் ஊராட்சியில் வைத்தது. அந்த இயக்கத்தோடு சேர்ந்து வளர்ந்ததுதான் ஹரித கர்ம சேனை. குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களிலிருந்து வந்த முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இன்று மாநிலம் முழுக்க வீடு வீடாகச் சென்று பிளாஸ்டிக் முதலிய மக்காத கழிவைச் சேகரிக்கிறார்கள். பாறசாலை, காரோடு, குளத்தூர், குன்னத்துக்கால் என்று தமிழ்நாட்டு எல்லையை உரசிக்கொண்டு கிடக்கும் ஊராட்சிகளிலும் வார்டுக்குக் குறைந்தது இரண்டு பேர் என்பது கணக்கு. இவர்கள் அரசு ஊழியர்கள் அல்லர். நிலையான மாதச் சம்பளமும் கிடையாது. வீட்டுக்காரர் மாதம் கொடுக்கும் 50 ரூபாய்க் கட்டணமும், தரம் பிரித்த பிளாஸ்டிக் விற்ற காசும்தான் வருமானம். சட்டப்படி பார்த்தால் இது பெண்கள் நடத்தும் சிறுதொழில். ஆனால் அந்தத் தொழிலின் ஆட்கள் நாளின் பெரும்பகுதி ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் வேலை செய்கிறார்கள்.

ஆட்கள் சிதறிக் கிடக்கும் தொழில் இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. இதே நெய்யாற்றின்கரை வட்டத்துப் பாலராமபுரத்தில், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டிலிருந்து சாலியர் குடும்பங்களைக் கூட்டிவந்து குடியேற்றினார்கள். தறி நெசவாளியின் வீட்டில் இருக்கும். நூல் முதலாளியிடமிருந்து வரும். நெய்த துணி அவரிடம் திரும்பும். மேற்பார்வையாளர் தேவைப்படவில்லை, ஏனென்றால் துணியே சாட்சி. நீளத்தையும் நெருக்கத்தையும் பார்த்தால் வேலையின் அளவு தெரிந்துவிடும். கழிவு சேகரிப்பில் அந்த வசதி இல்லை. நாற்பது வீடு ஏறி இறங்கியவரின் சாக்கும், பத்து வீட்டோடு திரும்பியவரின் சாக்கும் கிடங்கு வாசலில் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கலாம். எந்த வீடு கொடுத்தது, எது கதவைச் சாத்தியது, எது கட்டணம் பாக்கி வைத்தது என்பதெல்லாம் அந்தப் பெண்ணின் தலைக்குள் மட்டும் இருக்கும். சச்சரவு வந்தால் அவர் சொல்லுக்கு எதிராக வீட்டுக்காரர் சொல். இப்படிப்பட்ட மோதலில் பொதுவாக யார் சொல் எடுபடும் என்று விளக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில்தான் தானியங்கித் தொழில்நுட்பம் உதவுகிறது. கேரள அரசு நிறுவனமான கெல்ட்ரான் உருவாக்கிய ஹரிதமித்ரம் என்ற செயலி வழியாக, வீடுகளின் முகப்பில் கியூ.ஆர். குறியீடு ஒட்டப்பட்டது. பச்சைக் கோட்டு போட்ட பெண் படியேறி வருகிறார். கழுவிக் காயவைத்த பால் கவர்களையும் எண்ணெய் உறைகளையும் வாங்கிச் சாக்கில் போடுகிறார். போனை எடுத்துக் குறியீட்டை ஸ்கேன் செய்து, கொடுத்தார்களா, கட்டணம் வந்ததா என்று பதிகிறார். சில நொடி வேலை. ஆனால் அந்த நொடியில் வார்டு, வீடு, தேதி எல்லாம் தானாகவே ஊராட்சி அலுவலகத்தின் கணினிக்குப் போய்ச் சேர்கின்றன. முன்பு ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையை மாதக் கடைசியில் உட்கார்ந்து கூட்டிய வேலை இல்லாமல் போகிறது. அதைவிடப் பெரிய மாற்றம் வேறு. யாரும் பார்க்காத வேலைக்கு ஒரு சாட்சி கிடைக்கிறது. 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு பற்றியெரிந்து நகரமே புகையில் மூச்சுமுட்டிய பிறகு, அந்த ஆண்டு இறுதியில் வந்த அவசரச் சட்டம், கட்டணம் தராதவர்களிடம் அபராதத்தோடு வசூலிக்க உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் கொடுத்தது. பதிவு இல்லாமல் அந்த அதிகாரத்துக்குப் பொருளில்லை. யார் பாக்கி என்று முதலில் தெரிய வேண்டுமே.

ஆனால் பதிவு யாருக்காக என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. அளவுகோலாக வைத்துப் பார்க்கத் தகுந்தது பால் சங்கம். குஜராத்தின் சங்கங்களில் 1990-களில் பரவத் தொடங்கி, பிறகு கேரளத்தின் மில்மா சங்கங்களுக்கும் வந்த தானியங்கிப் பால் கொள்முதல் கருவியைப் பாருங்கள். அதற்கு முன்பு பாலின் கொழுப்பைச் செயலாளர் கண்ணாடிக் குழாயில் அமிலம் ஊற்றிச் சோதிப்பார். அவர் நோட்டில் எழுதியதே முடிவு. இப்போது பால் எடைத்தட்டில் ஊற்றப்படுகிறது. சிறு கிண்ணத்தில் எடுத்த மாதிரியைக் கருவியின் குழாய் உறிஞ்சுகிறது. கொழுப்பு, இதர சத்து, விலை மூன்றும் திரையில் தெரிந்து, அச்சிட்ட துண்டுச்சீட்டாக மாட்டுக்காரரின் கைக்கு வருகிறது. சங்கத்திடம் இருக்கும் அதே எண் அவரிடமும் இருக்கிறது. நாளை பணம் குறைந்தால் சீட்டை நீட்டிக் கேட்கலாம். கருவி நுட்பமானதா என்பதைவிட, அது எத்தனை பேருக்குச் சாட்சி சொல்கிறது என்பதே என் கண்ணில் முக்கியம்.

நேர்மாறான உதாரணமும் இதே ஊர்களில் இருந்தது. நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு ஒன்றிய அரசு 2021-இல் கொண்டுவந்த கைபேசி வருகைப் பதிவை 2023 ஜனவரி 1 முதல் எல்லாப் பணியிடங்களுக்கும் கட்டாயமாக்கியது. நாளுக்கு இரண்டு முறை, இடமும் நேரமும் பதியும்படி தொழிலாளர்களைப் படம் எடுத்து ஏற்ற வேண்டியிருந்தது. கேரளத்தில் இந்த வேலைக்கு வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். காலையில் எடுத்த படம் ஏறி, பிற்பகல் படம் சிக்னல் இல்லாமல் நின்றுபோனால் நஷ்டம் மண் சுமந்தவருக்குத்தான். அவர் வந்ததற்கு அவர் கையில் எந்தச் சீட்டும் இருக்கவில்லை. சரி, பொய் வருகை காட்டும் திருட்டாவது நின்றதா? 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே அனுப்பிய சுற்றறிக்கை, சம்பந்தமில்லாத படங்கள் ஏற்றப்படுவதையும், படத்தையே மறுபடி படமெடுத்து ஏற்றுவதையும் பட்டியலிட்டது. ஊராட்சி அளவில் ஒவ்வொரு படத்தையும் மனிதர்களே சரிபார்க்கச் சொன்னது. ஆளை நம்பாமல் இயந்திரத்தைக் கொண்டுவந்து, கடைசியில் இயந்திரத்தைச் சரிபார்க்க ஆள் வைத்த கதை.

இதைக் காட்டி, ஹரிதமித்ரமும் கண்காணிப்புக் கயிறுதானே என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. எந்த வீட்டில் எத்தனை மணிக்கு நின்றார் என்று தெரிந்த அலுவலகம், நாளைக்கு ஏன் பதினைந்து நிமிடம் தாமதம் என்றும் கேட்கலாம். ஆனாலும் இரண்டுக்கும் வேறுபாடு இருக்கிறது. நூறு நாள் வேலையில் படம் பிடிக்கப்பட்டது ஆள். இங்கே ஸ்கேன் செய்யப்படுவது வீடு. கடமை தவறிய வீட்டுக்காரரும் அந்தப் பதிவில் சிக்குகிறார். இன்னொரு ஆட்சேபம் போன் பற்றியது: ரப்பர்த் தோட்டத்துச் சரிவுகளில் சிக்னல் கிடைக்காது, ஐம்பது வயது தாண்டியவர்களுக்குச் செயலி பழக நாளாகும், டேட்டா ரீசார்ஜ் யார் தலையில்? இவை உண்மையான சிக்கல்கள், தீர்க்கக் கூடியவையும்கூட. சிக்னல் இல்லாத இடத்தில் போனிலேயே சேமித்துப் பிறகு அனுப்பும் ஏற்பாடு ஒன்றும் அரிய வித்தை இல்லை. ரீசார்ஜ் செலவைத் தொழிலின் செலவாகக் கணக்கில் ஏற்றினால் போதும். துடைப்பத்தை யாரும் சொந்தக் காசில் வாங்கச் சொல்வதில்லை. போனை மட்டும் ஏன்? இயந்திரம் வந்தால் ஆள் குறையும் என்ற அச்சத்துக்கு இங்கே பெரிதாக இடமில்லை. படியேறி உறையை வாங்குவதற்கும், கிடங்கில் உட்கார்ந்து பாலிதீனையும் அலுமினியத்தாளையும் பிரிப்பதற்கும் கைகள்தான் வேண்டும்.

எனக்குப் பெரிதாகப் படும் குறை வேறு. பதிவு வீட்டுவாசலில் பலமாகத் தொடங்கி, போகப் போக மெலிகிறது. வீட்டிலிருந்து ஊராட்சிக் கிடங்கு, அங்கிருந்து தரம் பிரிக்கும் மையம், பிறகு அரசின் கிளீன் கேரளா கம்பெனியோ தனியார் ஒப்பந்தக்காரரோ என்று சரக்கு கைமாறுகிறது. ஐம்பது ரூபாய் கொடுத்த வீட்டைத் துல்லியமாகச் சொல்லும் ஏற்பாடு, லாரியில் ஏறிய பிறகான பயணத்தையும் அதே துல்லியத்தோடு சொல்ல வேண்டும். எல்லையிலுள்ள களியக்காவிளை வழியாகக் கேரளக் குப்பை லாரிகள் பிடிபட்ட செய்தி கன்னியாகுமரி மாவட்டத்தாருக்குப் பழக்கமானது. 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டம் நடுக்கல்லூர், கொடகநல்லூர்ப் பகுதிகளில் திருவனந்தபுரத்து மருத்துவமனைக் கழிவு கொட்டிக் கிடந்தது. பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகு கேரளமே லாரி அனுப்பி அள்ளிப் போனது. மருத்துவக் கழிவுப் பைகளுக்கு பார்கோடு வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. ஆனால் அந்தக் கழிவு எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டிக்கொடுத்தது குப்பைக்குள் கிடந்த நோயாளிகளின் காகிதங்கள். அது ஹரித கர்ம சேனைப் பெண்கள் சேகரித்த கழிவு அல்ல. ஆனாலும் பாடம் பொதுவானது: அடிமட்டத்தில் படியேறும் பெண்ணின் ஒவ்வொரு அடியையும் எண்ணிவிட்டு, மேலே ஒப்பந்தக்காரரின் லாரியை எண்ணாமல் விட்டால், அந்தத் தொழில்நுட்பம் எளியவரை மட்டும் பார்க்கும் கண்ணாகிவிடும்.

ஆகவே உள்ளாட்சிகள் உடனே செய்யக்கூடியவை இரண்டு. மாதக் கடைசியில் ஒவ்வொரு சேனை உறுப்பினருக்கும் அவர் ஸ்கேன் செய்த வீடுகள், வசூலான தொகை, அவருடைய பங்கு ஆகிய மூன்றையும் அச்சிட்டுக் கையில் கொடுக்கலாம். பால் சங்கம் தினம் செய்வதை ஊராட்சி மாதம் ஒருமுறை செய்ய முடியாதா? கிடங்கிலிருந்து புறப்படும் லாரியின் எடையையும் அது சேர்ந்த இடத்தையும் கிராமசபையில் வாசிக்கலாம். கன்னியாகுமரி மாவட்டப் பேரூராட்சிகளும் ஊராட்சிகளும் தூய்மைக் காவலர்களுக்காக இப்படி ஒரு செயலியை நாளை வாங்க நினைத்தால், விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: இதில் பதியும் கணக்கின் ஒரு பிரதி, வேலை செய்தவரின் கைக்கு வருமா? வராது என்றால் வாங்க வேண்டாம்.